சரக்கும் துறையும்: இணையக் காணொளிக்கு நடந்த போட்டியும் அதில் நம் நிலையும்



தமிழின் பேரால் ஆண்டுதோறும் நம்மை ஒன்றுகூட்டும் இந்த அறக்கட்டளையின் மேடை, இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கமாகிவிட்ட மேடை. இங்கே, இணையத்தில் வீடியோ பகிரும் வழிகளைத் தம் வசப்படுத்திக்கொள்ளப் பெரிய ஊடக ஸ்தாபனங்கள் நடத்திய, இன்னும் நடத்திவருகிற போட்டியைப் பேச்சுப் பொருளாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று நம் வீடுகளுக்குள் தமிழ் நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். தேவாரமும் திரைப்பாட்டும், சமையல் குறிப்பும் பட்டிமன்றமும், ஊரிலிருந்து வருகிற கலியாண வீடியோவும் கோலாலம்பூரில் நம் பிள்ளைகள் எடுக்கிற குறும்படமும் எல்லாம் கைப்பேசியின் அந்தச் சிறு திரை வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அந்த வழியைப் பிடித்துக்கொள்ள நடந்த வழக்குகளிலும் விலைபேசல்களிலும் ஒப்பந்தங்களிலும் எல்லாத் தரப்பாரும் ரசிகர்களின் பெயரைச் சொல்லியே வாதாடினார்கள். ஆனால் ரசிகர்களையோ, தாமே எடுத்துத் தாமே வெளியிடும் சிறு படைப்பாளிகளையோ, நம்மைப் போன்ற சிறிய மொழிச் சமூகங்களையோ கூப்பிட்டு உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்டவர் ஒருவருமில்லை. ஆதலால், நாம் உண்டாக்கியவற்றைக் காத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நாமே செய்துகொண்டாக வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

துறைமுக நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் போட்டியின் தன்மையை விளக்குவது கடினமன்று. 1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இந்தப் பினாங்குத் தீவில் கொடியேற்றி, வருகிற கப்பல்களுக்குத் தீர்வையில்லை என்று அறிவித்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும், பின்னாளில் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்களும், சீனரும் அச்சே நாட்டவரும் தத்தம் பொருள்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சரக்கு பலருடையது, துறை ஒருவருடையது. எந்தக் கப்பல் எங்கே நிற்பது, எந்தச் சரக்கு முதலில் கரையேறுவது, யாரிடம் என்ன கட்டணம் வாங்குவது என்பவற்றைத் தீர்மானிக்கிறவர் கையே எப்போதும் ஓங்கியிருந்தது. 1969இல் தீர்வையில்லாத் துறை என்ற தகுதி இந்த ஊரைவிட்டு நீங்கியபோது கடைத்தெருக்கள் எப்படி வாடின என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த முடிவைச் செய்தவர்களில் சரக்குக்காரர் எவருமில்லை. காணொளி உலகில் படம் எடுப்பவர் சரக்குக்காரர். படம் வந்து இறங்கும் தளம் துறை. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால், இருபது ஆண்டுகளாக நடந்த சிக்கலான விவகாரங்கள் பலவும் தெளிவாகிவிடும்.

இதன் சிறு ஒத்திகை ஒன்று இதே பினாங்கில், இணையம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நடந்திருக்கிறது. 1930களில் பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி என்ற ஆர்வலர் சங்கம், ஜெட்.எச்.ஜே. என்ற அழைப்பெழுத்துகளோடு ஒரு வானொலி நிலையத்தை நடத்தி, ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பிற்று. இலாபத்தை எண்ணாமல், புதிய சாதனம் ஒன்று கைக்கு எட்டிவிட்ட உற்சாகத்திலே செய்த காரியம் அது. பிறகு 1937இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்ற கம்பெனி பெரிய நிலையம் திறந்தது. 1940இல் அரசாங்கம் அந்தக் கம்பெனியையே எடுத்துக்கொண்டது. ஆர்வலர் தொடங்குவதும், கம்பெனி கைப்பற்றுவதும், அரசாங்கம் உள்ளே வருவதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தாண்டுக்குள் நிகழ்ந்துவிட்டன. காணொளியின் கதையும் ஏறத்தாழ அதே வரிசையில்தான் நடந்தது. ஆனால் பணத்தின் அளவு பயங்கரமாகப் பெருகிவிட்டது.

2005 பிப்ரவரியில் சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் என்ற மூன்று இளைஞர்கள் அமெரிக்காவில் யூடியூபைத் தொடங்கினார்கள். ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்ட முதல் வீடியோ 19 விநாடிதான் ஓடுகிறது. மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு கரீம் அவற்றின் தும்பிக்கை நீளத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார். அந்தச் சாமானியக் காட்சியிலே ஒரு புதிய சுதந்திரம் இருந்தது: எவருடைய அனுமதியும் கேட்காமல், எந்த நிலையத்தின் படியும் ஏறாமல், ஒருவர் தம் முகத்தையும் குரலையும் உலகத்தின் முன் வைக்க முடிந்தது. ஆனால் ஜனங்கள் தம் முகத்தை மட்டுமா வைத்தார்கள்? தொலைக்காட்சியில் ரசித்த துண்டுகளையும் தாராளமாகக் கொண்டுவந்து ஏற்றினார்கள். என்.பி.சி. நிறுவனத்தின் நகைச்சுவைப் பாட்டுத் துண்டு ஒன்று அப்படிப் பரவி, 2006 பிப்ரவரியில் அந்நிறுவனமே அதை எடுக்கச் சொல்லி, அதே ஆண்டு ஜூனில் அந்நிறுவனமே யூடியூபோடு ஒப்பந்தமும் செய்துகொண்டது. பெரிய நிறுவனங்களின் மனத்தில் அப்போது எத்தனை குழப்பம் இருந்தது என்பதற்கு அந்த நான்கு மாதமே சாட்சி. அவ்வாண்டு அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்குவதாக அறிவித்ததும் குழப்பம் நீங்கி, போர் தொடங்கிற்று.

போரைத் தொடுத்தது வையாகாம். எம்.டி.வி., நிக்கலோடியன், காமெடி சென்ட்ரல் ஆகிய தொலைக்காட்சிகளும் பாரமவுண்ட் படக் கம்பெனியும் அப்போது அதன் உடைமை. 2007 பிப்ரவரியில் தன் துண்டுகள் ஒரு லட்சத்துக்கு மேல் நீக்கப்பட வேண்டும் என்று அது கேட்டது, நீக்கப்பட்டன. மார்ச் 13 அன்று, 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் 1998இல் இயற்றிய சட்டம் ஒன்று, பிறர் ஏற்றும் பொருளுக்கு இடம் கொடுக்கும் தளம், உரிமையாளர் சுட்டிக்காட்டியவுடன் நீக்கிவிட்டால் அதற்குக் குற்றமில்லை என்று பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு யூடியூபுக்குச் செல்லுமா என்பதே விவாதம். திருட்டுச் சரக்கு இறங்குகிறது என்று தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு ஏது என்றது வையாகாம். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்க்கும் கடமை எங்களுக்கு இல்லை, இது உன்னுடையது என்று நீ சொன்னால் எடுத்துவிடுகிறோம் என்றது யூடியூப்.

இந்த வழக்கில் இரண்டு சம்பவங்களைச் சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது 2008 ஜூலையில் நடந்தது. யார் யார் எந்தெந்த வீடியோவைப் பார்த்தார்கள் என்ற பதிவேடு முழுவதையும், பார்த்தவரின் பயனர் பெயரோடும் கணினி முகவரியோடும், வையாகாமிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிபதி லூயிஸ் ஸ்டான்டன் ஆணையிட்டார். 12 டெராபைட் அளவுள்ள பதிவேடு அது. அந்த இருவர் வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ பெயர் சேராத கோடிக்கணக்கான மனிதர்கள் தனியறையில் உட்கார்ந்து பார்த்தவற்றின் கணக்கு, ஒரு சாட்சிப் பொருளாகக் கைமாறும் நிலை வந்துவிட்டது. எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகு, பெயரையும் முகவரியையும் மறைத்துக் கொடுப்பதென்று இரு தரப்பாரும் உடன்பட்டார்கள். ஆணை தணிந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு பதிவேடு இருக்கிறது, அது வியாபாரிகளின் உடைமைகளுள் ஒன்று என்ற உண்மையைச் சாமானிய ஜனங்கள் கண்கூடாக அறிந்த நாட்களுள் அது ஒன்று.

இரண்டாவது, 2010 மார்ச்சில் இரு தரப்பின் ஆவணங்களும் வெளியானபோது தெரியவந்தது. யூடியூபை நிறுவியவர்களின் பழைய மின்னஞ்சல்களில், உரிமையில்லாத துண்டுகள் தளத்தில் குவிவதைத் தெரிந்தே பொறுத்துக்கொண்ட பேச்சுகள் இருந்தன என்று வையாகாம் எடுத்துக்காட்டிற்று. மறுபக்கத்தில், வையாகாம் தன் படங்களுக்கு விளம்பரம் தேடி, விளம்பர முகவர்களைக் கொண்டு, தன் பெயர் தெரியாதபடி அதே தளத்தில் தன் துண்டுகளையே ஏற்றிவந்தது என்றும், ஆள் அடையாளம் தெரியாமலிருக்க வெளிக் கடையின் கணினியிலிருந்துகூட ஏற்றச் செய்தது என்றும், தன் ஏற்பாட்டில் ஏறியவற்றையே பிறகு திருட்டென்று நீக்கச் சொல்லி, மறுபடி திருப்பி வைக்கச் சொல்லிய சந்தர்ப்பங்களும் உண்டு என்றும் யூடியூப் சொல்லிற்று. எது அனுமதியோடு வந்தது, எது அனுமதியின்றி வந்தது என்பது உரிமையாளருக்கே தெரியாத உலகத்தில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் மட்டும் அதைச் சரியாகத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

2010 ஜூனில் ஸ்டான்டன் யூடியூபுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பியனுப்பிற்று. 2013இல் மறுபடியும் அதே நீதிபதி அதே பக்கம் தீர்ப்பளித்தார். 2014 மார்ச்சில் இருவரும் நிபந்தனைகளை வெளியிடாமல் சமாதானம் ஆனார்கள். ஏழு ஆண்டு நடந்த அந்த வழக்கில் சட்டம் எவரை வாழவைத்தது என்று ஆராய்வதைவிட, நீதிமன்றத்துக்கு வெளியே அதற்குள் என்ன நடந்துவிட்டது என்று பார்ப்பதே பயனுள்ளது. 2007இலேயே யூடியூப் கன்டென்ட் ஐடி என்ற இயந்திர ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உரிமையாளர் தம் பாட்டையோ படத்தையோ முன்கூட்டியே ஒப்படைத்தால், இயந்திரம் அதன் ஒலியையும் காட்சியையும் கைரேகை எடுப்பதுபோல் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால், தடுப்பதா, விளம்பரம் போட்டு வருமானத்தைத் தாம் எடுத்துக்கொள்வதா, சும்மா கவனித்து வருவதா என்பதை உரிமையாளர் தீர்மானிப்பார். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உரிமையாளர்கள் வருமானத்தை எடுத்துக்கொள்ளும் வழியையே தேர்கிறார்கள் என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. பகைவர்களாக நீதிமன்றம் ஏறியவர்கள், ஒரே கல்லாப்பெட்டியைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டாளிகளாக இறங்கி வந்துவிட்டார்கள். அந்தப் பங்கீட்டில் எல்லோருக்கும் இடமுண்டு என்று எண்ணிவிடக் கூடாது. கைரேகையை ஒப்படைக்கும் முழு வசதி, பெருந்தொகையான உடைமை வைத்திருப்பவர்களுக்கே தரப்படுகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ்க் காணொளி வியாபாரம் கேசட்டிலேதான் பிறந்தது. 1990இல் கலாநிதி மாறன் பூமாலை என்ற வீடியோ இதழைத் தொடங்கினார். கடல் கடந்த தமிழர்களும் அதற்கு வாடிக்கையாளர். திருட்டுப் பிரதிகளின் தொல்லையால் அது நீடிக்கவில்லை என்பர். 1993 ஏப்ரல் 14 அன்று அவருடைய சன் டிவி பிறந்தது. பிரதியெடுப்பவர்களால் நொந்தவர்கள் வானத்திலிருந்து ஒளிபரப்பும் வழிக்குப் போனார்கள் என்று இதை வாசிக்கலாம். சரக்கு விற்றுக்கொண்டிருந்தவர், துறை ஒன்று சொந்தமாக வேண்டும் என்று உணர்ந்த கதை என்றும் வாசிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பே சரியென்று படுகிறது.

மலேசியாவில் அந்தத் துறையைப் போட்டவர் யாழ்ப்பாண வழிவந்த தமிழரான ஆனந்த கிருஷ்ணன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, 2024 நவம்பரில் மறைந்த அவர், 1996 ஜனவரியில் மீசாட் 1 என்ற செயற்கைக்கோளை ஏவச் செய்து, அதே ஆண்டில் ஆஸ்ட்ரோவைத் தொடங்கினார். வானவில் என்ற தமிழ் அலைவரிசை நம் வீடுகளுக்கு வந்தது அப்படித்தான். அரசாங்கத் தொலைக்காட்சியில் வாரத்துக்குச் சில மணி நேரம் தமிழுக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு அது ஒரு வரப்பிரசாதம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். மாதச் சந்தா ஏற ஏற முணுமுணுத்தாலும், அலைவாங்கித் தட்டைக் கழற்றியவர் சிலரே. வெகு காலம் வேறு துறை இருந்ததில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த வரலாற்றுக்கு ஒரு பின்பக்கமும் உண்டு. இங்குள்ள லெபோ பாசார் கடைத்தெருவில் நடந்துபோன எவருக்கும் அது தெரியும். கடைவாசலில் பெருத்த ஒலிபெருக்கி, அதன் மேல் மல்லிகைச் சரம், உள்ளே கூரைவரை அடுக்கிய கேசட்டுகள், பிறகு வி.சி.டி.க்கள், பிறகு டி.வி.டி.க்கள், மூன்று படம் ஒரே வட்டில், உறையின் மேல் மங்கிய நாயகன் படம், உள்ளே படம் ஓடும்போது திரையரங்கத்தில் எவரோ எழுந்து போகும் நிழல். அவற்றில் எது உரிமையோடு வந்தது, எது உரிமையின்றி வந்தது என்று வாங்கியவர் கேட்டதில்லை; விற்றவரும் சொன்னதில்லை. பிறகு அந்த வட்டுகளின் இடத்தைக் கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி பிடித்தது. அந்த டி.வி. பாக்ஸை ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டால், உலகத்துத் தமிழ் அலைவரிசைகள் அத்தனையும் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். அதைத் தடுக்கவே நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2022 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமையின்றி ஒளியோட்டம் செய்யும் கருவிகளை விற்பதும் பரப்புவதும் 10,000 ரிங்கிட்டிலிருந்து 2,00,000 ரிங்கிட் வரை அபராதத்துக்கும், 20 ஆண்டு வரை சிறைக்கும் உரிய குற்றம். திருட்டை நான் ஆதரிக்கவில்லை. படமெடுப்பவன் வயிற்றில் அடிக்கிற காரியம் அது. ஆனாலும், பெரிய நிறுவனத்தின் அலைவரிசையைக் காக்க இத்தனை வேகமாக நடக்கிற கைகள், நம் பையன் ஒருவன் எடுத்த குறும்படத்தை எவரோ எடுத்துத் தம் பெயரில் ஏற்றிவிட்டால் அதே வேகத்தில் நடக்குமா என்று கேட்பது தவறாகாது.

இதற்கிடையே துறைகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இங்கே வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி, நெட்ஃபிளிக்ஸுக்குத் தென்கிழக்காசியாவின் விடை நாங்களே என்று மார்தட்டிய ஐஃப்ளிக்ஸ், 2020இல் சீனத்து டென்சென்ட்டின் கைக்குப் போய்விட்டது. அதே 2020 மே மாதத்தில், கொள்ளைநோயால் அரங்குகள் அடைத்துக் கிடக்க, பொன்மகள் வந்தாள் என்ற படம் நேரே அமேசான் பிரைமில் வெளியானபோது, தமிழ்நாட்டுத் திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்து, அதைத் தயாரித்த சூர்யாவின் நிறுவனத்துப் படங்களுக்கு இனி இடமில்லை என்று எச்சரித்தார்கள். நவம்பரில் அவருடைய சூரரைப் போற்று படமும் அதே வழியில் வந்தது. எச்சரிக்கை காற்றோடு போயிற்று. 2019இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை ஏறத்தாழ 7,100 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கியதால், சென்னை விஜய் டிவி அமெரிக்காவின் மிக்கி எலி வீட்டுக்குச் சொந்தமாயிற்று. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய வியாபாரமும் ரிலையன்ஸின் வையாகாம்18ம் இணைந்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்ற தளம் பிறந்தது. வையாகாம்18 என்பதில் உள்ள வையாகாம், யூடியூபின் மேல் வழக்குப் போட்ட அதே வையாகாம்தான். 2007இல், வழக்குப் போட்ட அதே ஆண்டில், இந்தியக் கூட்டாளியோடு அது தொடங்கிய கம்பெனி அது. நியூயார்க்கில் துறைக்காகச் சண்டையிட்டவர் மும்பையில் நட்ட நாற்று வளர்ந்து, பிறகு கைமாறி, இன்று மயிலாப்பூரில் ஒருவர் பார்க்கிற மாலைத் தொடர் வரை படர்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் நம் சொந்தச் சரக்கு எங்கே இருக்கிறது? ஒரு காட்சியைச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முந்திய நாள் விடியலில் வெள்ளி ரதம் லெபோ பினாங்குக் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி ஊர்வதையும், அதற்கு முன்னால் குவித்து வைத்த தேங்காய்களைச் சீனரும் தமிழரும் மாறி மாறி உடைப்பதையும், தெரு முழுவதும் இளநீர் ஓடுவதையும் நீங்கள் அறிவீர்கள். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அதை முழுமையாகப் படம்பிடித்து ஒரு தளத்தில் ஏற்றினார். ஒரு திருப்பத்தில் ரதத்தின் முன் நின்று ஒரு மூதாட்டி காவடிச் சிந்து பாடுகிறார். பல்லில்லாத வாய், நடுங்கும் குரல், ஆனால் தாளம் ஓர் அணுவும் பிசகவில்லை. அவருக்குப் பின்னால் தண்ணீர்ப் பந்தலில் யாரோ ஒரு திரைப்பாட்டைப் போட்டிருந்தார்கள். ஏற்றிய சிறிது நேரத்திலே அறிவிப்பு வந்துவிட்டது: இந்த இடத்தில் இன்னாருக்குச் சொந்தமான பாட்டு இருக்கிறது. இளைஞர் கைப்பேசியை என்னிடம் நீட்டிக் காட்டினார். வீடியோவின் அடிக்கோட்டில் அந்தப் பகுதிமட்டும் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பாட்டை நீக்கு என்ற பொத்தானை அழுத்தினார். பாட்டோடு மூதாட்டியின் குரலும் போயிற்று. உதடு அசைகிறது, ஓசை இல்லை. தகராறு எழுப்பலாமே என்றேன். தகராறு எழுப்பினால் உரிமை கோரியவர் பதில் சொல்ல ஒரு மாதம் வரை ஆகலாம், அதற்குள் பூசமே மறந்துவிடும் ஐயா என்றார். மூலப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். கைப்பேசியில் இடம் போதாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார். இயந்திரத்தின் பிழையைவிட அந்த விடைதான் என்னை வருத்தியது. உலகத்தில் அந்தக் குரலுக்கு இருந்த ஒரே பிரதியை, எவரோ ஒருவர் நடத்துகிற துறையில் விட்டுவிட்டு, நம் கிடங்கை நாமே காலி செய்துகொண்டோம்.

படைப்பாளிகளின் நிலையும் இதற்கு அதிகத் தூரத்தில் இல்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளியான ஜகாட், மலேசியத் தமிழ் வாழ்க்கையை அதன் சொந்த மொழியிலே காட்டிய படம். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைச் சிறந்த படத்துக்கான போட்டியிலிருந்து ஒதுக்கி வைத்ததும், எதிர்ப்பு எழுந்து விதி மாறியதும், ஜகாட் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானதும் நீங்கள் அறிந்த செய்தி. அங்கே கதவடைத்தவர் யார் என்று தெரிந்தது. அவரிடம் போய் முறையிட முடிந்தது. இணையத் தளத்தின் கதவுக்கு முகமில்லை. 2018 தொடக்கத்தில் யூடியூப், விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று விதித்தது. கோடிக்கணக்கான மக்கள் பேசும் மொழிக்கு அது சிறு மேடு. இந்த நாட்டுத் தமிழரின் பேச்சையும் கேலியையும் கண்ணீரையும் படமாக்கும் ஒருவருக்கு, அவரைப் புரிந்துகொள்ளும் ரசிகர் கூட்டமே சிறியதாகையால், அது மலை. அந்த மலையைக் குறுக்கு வழியில் ஏற, தம் பேச்சை விட்டுச் சென்னைப் பேச்சுக்கு மாறுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. துறை கேட்கிற சரக்கைத்தானே கொண்டுபோவார்கள்? ஆனால் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த மூன்று தலைமுறையின் தமிழ் அந்த வழியில் தேய்ந்துபோவது எனக்குத் தாங்கமுடியாத துக்கம்.

துறையே ஒரு நாள் மூடிக்கொள்ளவும் கூடும். 2019 ஏப்ரலில் மதராஸ் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை விதித்து, மூன்று வாரத்தில் விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு அதை அடியோடு தடை செய்தது. தடைக்கு அரசு சொன்ன காரணங்களை விவாதிப்பது என் வேலையன்று. வயலிலும் சமையலறையிலும் பேருந்து நிலையத்திலும் நின்று நடித்துப் பாடிய தமிழ்நாட்டுக் கிராமத்து ஜனங்கள் எத்தனையோ பேருக்குத் தாங்கள் சேர்த்த ரசிகர் கூட்டம் ஓர் இரவில் இல்லாமற்போயிற்று. அதை மட்டும் சொல்கிறேன். நம் நாட்டிலும், 2025 ஜனவரியில், 80 லட்சம் பயனருக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடக்கிற இடத்தில், ரதத்தின் முன் பாடிய மூதாட்டிக்கு நாற்காலி கிடையாது.

ஆகவே, இந்தச் சபையிலுள்ள ஆலய நிர்வாகிகளையும் சங்கத்தாரையும் பள்ளித் தலைமையாசிரியர்களையும் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். தளங்களைப் பயன்படுத்த வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பினாங்குக்காரன் துறையை வெறுத்து எங்கே போவான்? ஏற்றுவதற்கு முன்னால் மூலப் பிரதியை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். எடுத்த தேதி, இடம், பாடியவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். பெயரில்லாத குரலைப் பேரப்பிள்ளைகள் அடையாளம் காண முடியாது. விழாவைப் படமெடுக்க ஆளை அமர்த்தும்போது, உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012 முதல், உரிமையாளர் முறைப்படி அறிவித்தால் 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்ற விதியும், தவறாக நீக்கப்பட்டவர் மறுப்பு அறிவிப்புக் கொடுக்கும் வழியும் இருக்கின்றன. அறிவுசார் சொத்துக் கழகத்தில் நம் ஆக்கத்தை நாமே முன்வந்து பதிவு செய்துவைக்கும் வசதியும் அதே ஆண்டில் வந்தது. இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த நான்கு வழக்கறிஞர்கள் நம்மிடையே இல்லையா? மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை அவர்கள் இதற்கு ஒதுக்கினால், எத்தனையோ இளைஞர்களின் மலைப்பு தீர்ந்துவிடும்.

தேசிய நூலகத்துக்கு நூல்களை ஒப்படைக்கச் சொல்லும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அச்சேறாத ஆக்கங்களையும் கருத்தில் கொள்கிறது. நம் குறுந்தகடுகளும் படங்களும் அங்கே எத்தனை போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று நம்மில் எவரும் இதுவரை கேட்டதில்லை. இங்கேயே, 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றிய இந்து அறப்பணி வாரியம் நிலத்தையும் கட்டடத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறது. நிலத்தைப்போலவே பதிவும் அறச்சொத்துதான் என்று வாரியத்தார் கொள்வார்களாயின், ஓர் அறையும், நல்ல வட்டுகள் சிலவும், சம்பளம் பெறும் ஒரு நூலகரும் இருந்தால் காரியம் தொடங்கிவிடும். முதலில் தேட வேண்டியவை பழைய வீடுகளின் அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும் கலியாண, காதணி, தீமிதி, நாடக விழா கேசட்டுகள். இந்த ஊரின் ஈரக் காற்றில் அந்த நாடா அதிக காலம் தாங்காது. ஆகையால் அதை இவ்வாண்டே தொடங்க வேண்டும்.

இந்த அறக்கட்டளையின் செயலாளருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றைய கூட்டத்தைப் பின்வரிசையில் இரண்டு இளைஞர்கள் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். முந்திய ஆண்டுகளில் இங்கே பேசிய அறிஞர்களின் பதிவுகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று விசாரித்து ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுத்தால், அவற்றையும் இதையும் சேர்த்துப் பிரதியெடுத்து நூலகத்தில் ஒப்படைக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.